பாண்டிச்சேரியில் இருவராகத் தங்க எந்தப் பகுதி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமான முதல் வருடத்திலிருந்தே நானும் என் மனைவியும் பாண்டிக்குப் போய்வருகிறோம். அதனால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம், "எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" என்று எங்களைக் கேட்பார்கள். நாங்கள் பதிலுக்கு ஒன்று கேட்போம்: காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் நீங்கள் இரண்டு பேரும் எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள்?

பாண்டியின் நல்ல நேரம் அந்த இரண்டும்தான். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள். நடுப்பகலில் வெயிலும் ஹாரன் சத்தமும் எல்லா ஊரையும் போலத்தான். அந்த இரண்டு நேரத்துக்கும் நடந்தே போய்ச் சேரும்படி அறை கிடைத்துவிட்டால், மற்ற வசதிகளில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சொன்னவை.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது? வரைபடத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லையே?

ஒரு முட்டையை நிறுத்தி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி ஓடும் சாலைக்குப் பெயர் புல்வார். கிழக்கே கடல். முட்டைக்குள்ளே, கடலுக்குக் கொஞ்சம் உள்தள்ளி, வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் போகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பது ஒயிட் டவுன், பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழ்ப் பகுதி. தென்புறத்தில் குத்பா பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம் தெருக்கள். ரயில் நிலையமும் தெற்குப் புல்வார் பக்கம்தான். பஸ் ஸ்டாண்டு முட்டைக்கு வெளியே, மேற்கே மறைமலையடிகள் சாலையில் இருக்கிறது. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் கோட்டக்குப்பம், செரினிட்டி கடற்கரை, ஆரோவில். தெற்கே கடலூர் சாலையில் போனால் நோணாங்குப்பம், சுண்ணாம்பாறு.

தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். 1693 முதல் 1699 வரை இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. கட்டம் கட்டமாகத் தெரு போடும் திட்டத்தை வரைந்தவர்கள் அவர்கள்தான். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து கட்டியபோது அந்தக் கட்டங்கள் நிலைத்தன. நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வழி தெரியவில்லை என்றால் கிழக்கே நடங்கள், கடல் வந்துவிடும். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடக்க இதைவிடத் தோதான ஊரை நான் பார்த்ததில்லை.

முதல் தடவை போகிறோம், இரண்டு ராத்திரி. ஒயிட் டவுனா, தமிழ்ப் பகுதியா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பலரும் யோசிக்காமல் ஒயிட் டவுனில் பதிவு செய்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் இரண்டு பகுதி வீடுகளுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்தால் நல்லது.

பிரெஞ்சு வீடு தெருவுக்கு மதிலைக் காட்டும். உயரமான சுவர், பெரிய கதவு, அதற்கு உள்ளே முற்றம், மரம், தூண் வைத்த தாழ்வாரம். கதவைச் சாத்திவிட்டால் தெருவுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரேன் வீதிப் பக்கம் இப்படிப்பட்ட பழைய வீடுகள் பல இப்போது தங்கும் விடுதிகளாகிவிட்டன. மஞ்சளும் வெள்ளையுமான சுவரில் போகன்வில்லா கவிந்திருக்கும். காலையில் தெரு கூட்டும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. தனிமை வேண்டும், யாரும் நம்மைப் பார்க்க வேண்டாம், நாமும் யாரையும் பார்க்க வேண்டாம் என்று வருகிற ஜோடிக்கு ஒயிட் டவுன்தான் சரி.

தமிழ் வீடு தெருவுக்குத் திண்ணையைக் கொடுக்கும். திண்ணைக்கு மேலே மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், போகிறவன் வருகிறவன் வெயிலுக்கு ஒதுங்க. உள்ளே போனால் தூண்களுக்கு நடுவே முற்றம். வைசியாள் வீதியில் இந்த வரிசை இன்னும் நன்றாக இருக்கிறது; பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அங்கே பழைய முகப்புகளைப் புதுப்பித்துக் கொடுத்தது. சில வீடுகளில் கீழ்த்தளம் திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ் வீடு, மேல்மாடி வளைவு சன்னலும் பால்கனியுமாகப் பிரெஞ்சு வீடு. இரண்டு ஊரும் ஒரே சுவருக்குள் குடித்தனம் நடத்தும் அப்படியொரு வீட்டில் தங்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் யோசனை: பெரிய வாய்க்காலுக்கும் மிஷன் வீதிக்கும் நடுவிலோ, மிஷன் வீதியை ஒட்டியோ தமிழ்ப் பகுதியில் அறை எடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன். அங்கிருந்து கடற்கரைச் சாலையில் இருக்கும் காந்தி சிலைக்கு நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். அதே அளவு அறைக்கு வாடகை பெரும்பாலும் ஒயிட் டவுனைவிடக் குறைவு. வாசலை விட்டு இறங்கினால் டிகிரி காபி, இட்லிக் கடை, பூக்கட்டும் அம்மா. ஒயிட் டவுனில் காலை ஆறரைக்கு ஒரு நல்ல இட்லி சாப்பிட வாய்க்காலைத் தாண்டித்தான் வரவேண்டும். ராத்திரி சாப்பிட்டு முடித்து, ஒயிட் டவுனை ஒரு சுற்று நடந்து, வாய்க்கால் பாலத்தைக் கடந்து மேற்கே திரும்பும்போது ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வருவதுபோல இருக்கும். அந்த நடையில் பேசிய பேச்சுகள்தான் எங்களுக்கு இன்றைக்கும் நினைவில் இருப்பவை.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வசித்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு. இரண்டுமே தமிழ்ப் பகுதியில், நடக்கும் தூரத்தில். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம்.

கடற்கரைச் சாலையிலேயே, கடல் தெரிகிற அறை எடுத்தால்?

எடுக்கலாம். ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். கூபேர் அவென்யூ என்ற அந்தச் சாலைக்கு எதிரே பெரும்பகுதி மணல் கிடையாது, கருங்கல்தான். ஒரு காலத்தில் அகலமான மணற்பரப்பு இருந்த இடம் அது. நம் கிழக்குக் கரையில் அலை மணலை வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகும். 1980களின் இறுதியில், ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். மணல் அங்கேயே தங்கிப்போனது. வடக்கே இருந்த கரைக்குப் புது மணல் வரவில்லை; இருந்ததையும் கடல் எடுத்துக்கொண்டது. ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்ததில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அந்தத் துண்டு மணலில் சாயங்காலம் ஊரே கால் நனைக்கும்.

ஆக, கடல் பார்த்த அறை என்றால் சன்னலில் சூரியோதயமும் அலைச் சத்தமும் கிடைக்கும். காலடியில் மணல் கிடைக்காது. சனி, ஞாயிறு மாலையில் சாலை முழுக்கக் கூட்டம் இருக்கும். திங்கள் முதல் வியாழன் வரை போகிறவர்களுக்கு அந்த அறை தங்கம். வார இறுதியில் போகிறவர்கள் ஒரு தெரு உள்ளே தள்ளி, துய்மா வீதிப் பக்கம் எடுத்தால் வாடகையும் குறையும், தூக்கமும் கெடாது. கடலுக்கு இரண்டு நிமிட நடைதான்.

எங்களுக்கு மணல்தான் வேண்டும். எங்கே தங்குவது?

அப்படியானால் ஊருக்குள் தங்காதீர்கள். வடக்கே தந்திராயன்குப்பம் பக்கம் இருக்கும் செரினிட்டி கடற்கரையில் சின்னச் சின்ன விடுதிகள் நிறைய உண்டு. அது தமிழ்நாட்டு எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில் வருகிறது. காலையில் அலைச்சறுக்குப் பலகையோடு இளைஞர்கள் இறங்குவார்கள்; கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளியும் இருக்கிறது. தெற்கே என்றால் நோணாங்குப்பம், சின்ன வீராம்பட்டினம் பக்கம் ரிசார்ட்டுகள். சுண்ணாம்பாறு படகு இல்லத்திலிருந்து படகில் பாரடைஸ் கடற்கரைக்குப் போகலாம்.

இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, இந்தக் கடல் குளிக்கிற கடல் இல்லை. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் இழுப்பு அதிகம். நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். முழங்கால் தண்ணீருக்கு மேல் போகாதீர்கள். மனைவியோ கணவரோ "இன்னும் கொஞ்சம்" என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். இன்னொன்று, ராத்திரி ஊருக்குள் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஆறேழு கிலோமீட்டர் ஆட்டோ பேச வேண்டும், அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும். பஸ்ஸும் லாரியும் பறக்கிற சாலை அது. செரினிட்டியில் தங்கினால் இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

ஆசிரம விடுதியில் தம்பதிகள் தங்கலாமா?

தாராளமாக. அரவிந்தர் 1910-ல் இந்த ஊருக்கு வந்தார், ஆசிரமம் 1926-ல் உருவானது. அதன் விருந்தினர் இல்லங்கள் ஊரில் பல இடங்களில் உண்டு. கடற்கரைச் சாலையின் தென்முனையில் இருக்கும் பார்க் கெஸ்ட் ஹவுஸ் அவற்றில் ரொம்பப் பேருக்குத் தெரிந்தது. கடலைப் பார்த்த அறை, புல்வெளி, துப்புரவு, நியாயமான வாடகை. இந்த விலைக்கு இந்தக் கடலை வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

மது, சிகரெட் கூடாது. இரவு பத்தரை வாக்கில் கதவைச் சாத்திவிடுவார்கள். அறை எளிமையாக இருக்கும். வயதான தம்பதிகளுக்கு நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். என் மாமனாரும் மாமியாரும் தங்கிவிட்டு வந்து, விடியற்காலையில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரவு வெகுநேரம் சுற்றவேண்டும் என்கிற இளம் ஜோடிக்கு இது ஒத்துவராது.

ஆரோவில் பக்கம்?

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வாழ 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஊர் அது. பாண்டியிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல். செம்மண் பாதை, மரம், பறவைச் சத்தம். வண்டி இல்லாமல் அங்கே ஒன்றும் செய்ய முடியாது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் கும்மிருட்டு. அங்கே நடுவில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளே போய் அமர முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பாண்டியை ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை பார்த்தவர்களுக்கு நல்ல இடம். முதல் பயணத்தில் அங்கே தங்கினால் பாண்டியைத் தவறவிடுவீர்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பாதி விலைக்கு அறை காட்டுகிறதே?

ஒருமுறை நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். "கடற்கரைக்கு மிக அருகில்" என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கடல் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. கீழே மதுக்கடை, சன்னலுக்கு எதிரே விடிய விடிய பஸ். காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போக ஆட்டோ தேடி அலைந்தோம். இரண்டு நாளில் ஆட்டோவுக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. என் மனைவி அந்தப் பயணத்தில் சரியாகத் தூங்கவேயில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு தூரத்தைச் சரிபார்க்காமல் நான் அறை எடுத்ததில்லை.

நள்ளிரவில் வந்து இறங்கி விடிகாலையில் கிளம்புகிறவர்களுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போதும். இருவராக ஓய்வெடுக்க வருகிறவர்கள் பணம் குறைவாக இருந்தால் ஒரு ராத்திரியைக் குறைத்துக்கொண்டு புல்வாருக்கு உள்ளேயே தங்கலாம் என்பது என் கருத்து. முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கமும் விசாரித்துப் பாருங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு அது கிட்டவும் கூட.

காரில் வருகிறோம். நிறுத்த இடம்?

ஒயிட் டவுனில் பெரும்பாலான பழைய வீடுகளுக்கு வண்டி நிறுத்த இடம் கிடையாது, தெருவில்தான் விட வேண்டும். விடுதியில் முதலிலேயே கேளுங்கள். இந்திரா காந்தி சதுக்கம் பக்கம் நிறுத்த இடத்தோடு புதிய ஹோட்டல்கள் உண்டு. ஆனால் நடந்து கடலுக்குப் போகும் சுகம் போய்விடும். நடக்கும் தூரத்தில் அறை இருந்தால் கார் எதற்கு? சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 150 கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ்ஸில் வந்துவிடலாம். ஒருநாள் ஆரோவில் போக ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும், ஹெல்மெட் இரண்டு கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. அறை கொடுப்பார்களா?

சட்டம் தடுக்கவில்லை. 2019 டிசம்பரில் கோயம்புத்தூர் விடுதி ஒன்றைப் பற்றிய வழக்கில், திருமணமாகாத வயது வந்த இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனாலும் சில விடுதிகள் தங்களுக்கென்று விதி வைத்திருப்பார்கள். உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டையை ஏற்காத இடங்களும் உண்டு. வரவேற்பு மேசையில் நின்று சங்கடப்படுவதைவிட, பதிவு செய்யும்போதே போனில் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். இருவரும் அசல் அடையாள அட்டை எடுத்துப் போங்கள். ஒயிட் டவுனிலும் செரினிட்டியிலும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத விடுதிகள் அதிகம்.

எந்த நாளில் போகிறோம் என்பதைப் பொறுத்து பகுதி மாறுமா?

நிச்சயம் மாறும். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமில்லை, அரவிந்தர் பிறந்த நாளும். அன்றைக்கும், ஆசிரமத்தை நடத்திய அன்னையின் பிறந்த நாளான பிப்ரவரி 21 அன்றும் ஆசிரமத்தைச் சுற்றிக் கூட்டம் அலைமோதும். ஆசிரம விடுதிகள் ரொம்ப முன்னாடியே நிறைந்துவிடும். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம். இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இருப்பதால் ஒயிட் டவுன் அதைக் கொண்டாடும், அப்போது அங்கேயே தங்குவது தனி அனுபவம். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். அதைப் பார்க்க ஆசை என்றால் ஊரின் வடக்குப் பக்கம் தங்குங்கள்.

டிசம்பர் 31 இரவு மட்டும் வேண்டாம். ஊர் தாங்காது, வாடகையும் தாங்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அப்போது கடலோர விடுதியைவிட, முற்றம் உள்ள பழைய வீடு நல்லது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து முற்றத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதி நாள் போய்விடும்.

பதிவு செய்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

தெருப் பெயரைக் கேளுங்கள். "ஒயிட் டவுன் அருகில்" என்பது பதில் ஆகாது. பெயர் கிடைத்ததும் வரைபடத்தில் அங்கிருந்து காந்தி சிலைக்கு நடக்கும் நேரத்தைப் போட்டுப் பாருங்கள். 20 நிமிடத்துக்கு மேல் காட்டினால் வேறு பார்க்கலாம். அறை தெருவைப் பார்த்ததா, முற்றத்தைப் பார்த்ததா? தூங்க முற்றம் பக்கம்தான் நல்லது. எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா? பழைய வீடுகளின் மரப்படி செங்குத்தாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கீழ்த்தளம் கேட்டு வாங்குங்கள். படத்தில் தெரிகிற அதே அறையைத்தான் தருவார்களா என்றும் கேளுங்கள். அழகான ஒரு அறையைப் படமெடுத்துப் போட்டுவிட்டு, சன்னல் இல்லாத பின்கட்டு அறையைக் கொடுப்பது உண்டு.

ராத்திரி நடப்பது பயமில்லையா?

கடற்கரைச் சாலையிலும் ஒயிட் டவுனிலும் பத்து, பத்தரை வரை குடும்பத்தோடு நடக்கிறவர்களைப் பார்க்கலாம். அதற்கு மேல் உள்தெருக்கள் வெறிச்சோடிவிடும். மதுக்கடைகள் உள்ள தெருக்களை மட்டும், சனிக்கிழமை இரவில் குறிப்பாக, தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மூன்று ராத்திரி இருக்கிறது. இரண்டு இடமாகப் பிரிக்கலாமா?

பிரிக்கலாம், எங்களுக்குப் பிடித்த முறையே அதுதான். வெள்ளி இரவும் சனி இரவும் செரினிட்டியிலோ ஆரோவில் பக்கமோ இருந்துவிடுங்கள். வார இறுதிக் கூட்டம் ஊருக்குள் அலைமோதும்போது நீங்கள் வெளியே இருப்பீர்கள். ஞாயிறு மதியம் தமிழ்ப் பகுதிக்கு மாறுங்கள். ஞாயிறு இரவு வாடகை பல இடங்களில் இறங்கிவிடும். சாயங்காலம் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், சட்டையிலிருந்து சட்டிப்பானை வரை எல்லாம் தெருவில் குவிந்திருக்கும். பேரம் பேசி ஏதாவது வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, வாய்க்காலைத் தாண்டிக் கடற்கரைக்கு நடங்கள். சென்னை வண்டிகள் எல்லாம் திரும்பிப் போயிருக்கும். மறுநாள் காலை அலாரத்தை ஐந்தரைக்கு வைத்து எழுந்து போனால், பழைய கலங்கரை விளக்கத்துக்கும் காந்தி சிலைக்கும் எதிரே சூரியன் எழும்பும்போது, சாலையில் நடைப்பயிற்சிக்கு வந்த உள்ளூர்க்காரர்களும் நீங்கள் இரண்டு பேரும்தான் இருப்பீர்கள். ஏழரைக்கு வண்டிகளைத் திறந்துவிடுவார்கள். அதற்குள் திரும்பி வந்து காபி குடித்துவிடலாம்.